பந்துக்குள்ள எவ்ளோ பிடிக்கும்: ஸ்பியர் வால்யூமை ரவையும் சார்ட் பேப்பரும் வச்சு சொல்லிக்குடுக்குற வழி

தாராவியில சாயங்கால ட்யூஷன் எடுக்க புதுசா வர்ற தம்பி தங்கச்சிங்க வருஷா வருஷம் என்கிட்ட கேக்குற கேள்வி இது. அக்கா, இந்த ஸ்பியர் சாப்டரை எப்படி நடத்துறது, புள்ளைங்க ஃபார்முலாவை ஒப்பிக்குதுங்க, ஆனா கணக்குன்னு குடுத்தா தப்பு தப்பா போடுதுங்கன்னு. ஒவ்வொருத்தருக்கும் தனியா வாய்ஸ் மெசேஜ் போட்டு முடியல, அதான் மொத்தமா எழுதிடுறேன். 9ம் வகுப்புல இந்தப் பாடம் வருது, 10ல உருக்குறது வார்க்குறதுன்னு மறுபடி வருது, ரெண்டுக்கும் இது போதும்.

முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். முதல் நாளே போர்டுல ஃபார்முலாவை எழுதாதீங்க. நான் ட்யூஷன் ஆரம்பிச்ச புதுசுல அதைத்தான் செஞ்சேன். "ஃபோர் பை த்ரீ பை ஆர் க்யூப்" எழுதி, பத்து தடவை சொல்ல வச்சு, நாலு கணக்கு போட வச்சேன். எல்லாம் சரியா போட்டுச்சுங்க. ரெண்டு வாரம் கழிச்சு ஸ்கூல்ல யூனிட் டெஸ்ட், பதினொரு புள்ளைங்கள்ல ஏழு பேர் ஆர் ஸ்கொயர்னு எழுதிட்டு வந்திருந்தாங்க. ஒரு பையன் ரெண்டு "பை"ல ஒண்ணை விட்டுட்டான். காதுல கேட்டா ஃபோர் பை த்ரீ பை, ரெண்டும் ஒரே சத்தம் தானே, முதல் பை வகுக்குறது, ரெண்டாவது பை 22/7, இதை யாரும் அவனுக்குப் பிரிச்சுச் சொல்லல, நானும் சொல்லல. அன்னைக்கு ராத்திரி பேப்பரைப் பாத்துட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். அந்த 4/3 எங்கேருந்து வந்துச்சுன்னு அந்தப் பதினொரு பேருக்கும் தெரியாது, தெரியாத நம்பரை எத்தனை நாள் மனசுல வச்சிருக்க முடியும்.

அதனால இப்போ நான் பண்றது, 4/3ஐ புள்ளைங்க கையால கண்டுபிடிக்க வைக்குறது. ஃபார்முலா ரெண்டாவது நாள் தான் வரும்.

வார்த்தையை முதல்ல சரி பண்ணுங்க

நம்ம புள்ளைங்க வீட்டுல தமிழ், தெருவுல இந்தி, ஸ்கூல்ல இங்கிலீஷோ மராத்தியோ. மாநகராட்சி தமிழ் மீடியத்துல படிக்குற புள்ளையும் அதே ரூம்ல உக்காந்திருக்கும். ஒருத்தருக்கு வால்யூம், ஒருத்தருக்கு கனஃபள், ஒருத்தருக்கு ஆயதன், தமிழ் மீடியத்துக்கு கன அளவு. வால்யூம்னா டிவி சத்தம்னு நினைக்குற புள்ளையும் உண்டு, அதைத் தப்புன்னு சொல்லாதீங்க, அந்த வார்த்தையை அது அங்க தான் கேட்டிருக்கு. நான் கேக்குறது ஒரே கேள்வி: "இதுக்குள்ள எவ்ளோ பிடிக்கும்?" இது எல்லாருக்கும் புரியும். இந்த நாலு வார்த்தையையும் போர்டுல பக்கத்துல பக்கத்துல எழுதி விட்டுடுங்க, ரேடியஸ் - ஆரம் - த்ரிஜ்யா, அதையும் சேத்து எழுதுங்க. அஞ்சு நிமிஷ வேலை.

என்னென்ன வேணும்

மெல்லிசான பிளாஸ்டிக் பந்து ஒண்ணு, சுத்தளவு 44 செ.மீ. பக்கத்துல இருக்குற மாதிரி பாத்து வாங்குங்க. கடைக்குப் போகும்போதே ஒரு நூலை 44 செ.மீ.க்கு வெட்டி எடுத்துட்டுப் போயி சுத்திப் பாத்துடலாம். ஏன் 44னா, 22/7 போட்டா ரேடியஸ் சுத்தமா 7 செ.மீ. வரும், அப்புறம் எல்லா கணக்கும் லேசா போகும். அப்புறம் கட்டியான சார்ட் பேப்பர், செல்லோ டேப், நூல், ஸ்கேல், காம்பஸ், ப்ரொட்ராக்டர், ஒரு ரப்பர் பேண்ட், ஒரு கிலோ ரவை.

சில புக்குல தண்ணி ஊத்திக் காட்டுங்கன்னு போட்டிருக்கும். எங்க பக்கம் குழாய்ல தண்ணி வர்றதே குறிப்பிட்ட நேரம் தான், புடிச்சு வச்ச தண்ணியை பாடம் நடத்தக் குடுன்னு எந்த வீட்டுலயும் கேக்க மனசு வராது. அதோட பேப்பர் கோன்ல தண்ணி ஊத்துனா ரெண்டாவது தடவையே நைஞ்சு போயிடும். ரவை தான் சரி. அரிசியை விட பொடியா இருக்கு, இடுக்கெல்லாம் நிரம்பும், சுத்தமான துணி விரிச்சு செஞ்சா முடிஞ்சதும் சலிச்சு டப்பாவுல போட்டுடலாம்.

மூணு பாத்திரம் செய்யுறது (இதை முந்தின நாளே நீங்க வீட்டுல செஞ்சு பாத்துடுங்க)

அரைக்கோளம். பந்து மேல ரப்பர் பேண்டை மாட்டுங்க. சரியா நடுவுல இருந்தா தான் அது நிக்கும், கொஞ்சம் மேல கீழ இருந்தா வழுக்கி வந்துடும், அதனால அதுவே நடுக்கோட்டைக் காட்டிக் குடுத்துடும். அந்தக் கோட்டுல பேனாவால சுத்தி வரைஞ்சுட்டு கட்டரால வெட்டுங்க. கட்டரைப் புள்ளைங்க கையில குடுக்காதீங்க, இதை மட்டும் நீங்க பண்ணுங்க. வெட்டுனதும் பந்து கொஞ்சம் அகலமாயிடும், அதுக்கு ஒரு சார்ட் பேப்பர் பட்டையை 44 செ.மீ.க்கு வளையமா ஒட்டி அதுக்குள்ள பந்தை உக்கார வச்சா ஷேப் மாறாது.

சிலிண்டர். 7 செ.மீ. உயரம், 45 செ.மீ. நீளம் ஒரு பட்டை, அந்த ஒரு செ.மீ. ஒட்டுறதுக்கு. அடியில ஒரு வட்டம் ஒட்டிடுங்க. உயரம் 7 தான் இருக்கணும், ரேடியஸும் 7, உயரமும் 7. இதை மாத்திட்டா எல்லாம் போச்சு.

கோன் தான் எல்லாரும் சொதப்புற இடம், அதனால இதைக் கொஞ்சம் மெதுவா படிங்க. நமக்கு வேணும்ங்கறது வாய் ரேடியஸ் 7, ஆழம் 7 உள்ள கோன். சாய்வு நீளம் பைதகரஸ் போட்டா 49 கூட்டல் 49, 98க்கு ஸ்கொயர் ரூட், 9.9 செ.மீ. அப்போ சார்ட் பேப்பர்ல 9.9 செ.மீ. ரேடியஸ்ல ஒரு வட்டம் வரையுங்க. காம்பஸ் அவ்ளோ விரியலன்னா நூல்ல பென்சிலைக் கட்டி வரைஞ்சுக்கலாம். அந்த வட்டத்துலேருந்து 105 டிகிரி துண்டை எடுத்துடணும், மிச்சம் 255 டிகிரி இருக்கும், அதைச் சுருட்டுனா நமக்கு வேண்டிய கோன். வெட்டும்போது ஒரு ஓரத்துல ஒரு செ.மீ. விட்டு வெட்டுங்க, அது ஒட்டுறதுக்கு. ஒட்டுன பிறகு வாயை ஸ்கேல் வச்சுப் பாருங்க, 14 செ.மீ. இருக்கணும். கோனை அரைக்கோளம் மேல கவுத்து வச்சா ரெண்டு வாயும் ஓரத்தோட ஓரம் உக்காரணும். ரவை போடும்போது கோனை ஒரு வாயகன்ற டப்பாவுக்குள்ள நிறுத்திக்கோங்க, இல்லன்னா கனத்துல சாயும்.

முதல் நாள்

மூணையும் நடுவுல வச்சுட்டு உடனே ரவையை எடுக்காதீங்க. முதல்ல கேளுங்க: இந்தக் கோனால எத்தனை தடவை ஊத்துனா இந்த அரைப் பந்து நிரம்பும்? எல்லாரும் ஆளுக்கொரு பதில் நோட்டுல எழுதணும், எழுதாம ஊத்தக் கூடாது. ஒன்னரைன்னு வரும், மூணுன்னு வரும், சத்தம் காதைக் கிழிக்கும், கிழிக்கட்டும். எழுதி வச்ச பிறகு தான் புள்ளைக்கு அந்த பதில் மேல ஒரு பாசம் வருது, சரியா தப்பான்னு பாக்க எட்டி எட்டிப் பாக்கும்.

அப்புறம் ஒரு புள்ளை கோனை நிரப்பணும், இன்னொண்ணு ஸ்கேலால மேல தட்டி லெவல் பண்ணணும், மூணாவது ஊத்தணும். ரெண்டு கோன்ல அரைக்கோளம் நிரம்பிடும். அடுத்து அதே கோனால சிலிண்டர், மூணு கோன். கொஞ்சம் கூடக் குறைய இருக்கும், பேப்பர் தானே, ரெண்டு மூணு ஸ்பூன் வித்தியாசம் வந்தா பரவாயில்லன்னு முன்னாடியே சொல்லிடுங்க.

இப்போ போர்டுல எழுதுறது இவ்ளோ தான்: கோன் 1, அரைக்கோளம் 2, சிலிண்டர் 3. மூணுக்கும் வாய் ஒண்ணு, உயரம் ஒண்ணு.

போன வருஷம் ஒரு பொண்ணு, எப்பவும் கடைசில உக்காந்து வாயே தொறக்காது, அது கேட்டுச்சு, "டீச்சர், அப்போ அரைப்பந்தையும் கோனையும் சேத்து ஊத்துனா சிலிண்டர் நிறைஞ்சிரும்லா?" சேத்து ஊத்துனோம், நிறைஞ்சது. அந்தக் கேள்வி தானா வந்தா உங்க கிளாஸ் நல்லா போகுதுன்னு அர்த்தம், வரலன்னா நீங்களே கேட்டுடுங்க. அன்னைக்கு இதோட விட்டுடுங்க, வீட்டுக்கு அனுப்பிடுங்க.

ரெண்டாவது நாள், ஃபார்முலா

சிலிண்டரோட வால்யூம் அவங்களுக்கு ஏற்கனவே தெரியும், பை × ஆர் × ஆர் × உயரம். நம்ம சிலிண்டர்ல உயரமே ஆர் தான். அப்போ பை × ஆர் × ஆர் × ஆர். இங்க நிறுத்துங்க. ஆர் க்யூப் எங்கேருந்து வந்துச்சுன்னு இப்போ தெரிஞ்சுபோச்சு பாருங்க, ரெண்டு ஆர் அடி வட்டத்துலேருந்து, ஒரு ஆர் உயரத்துலேருந்து. இதைப் பாத்த புள்ளை அப்புறம் ஆர் ஸ்கொயர்னு எழுதுறது ரொம்பக் குறைஞ்சிடும், நான் பாத்திருக்கேன்.

அரைக்கோளம் அதுல மூணுல ரெண்டு பங்கு, நேத்து ரவை சொன்னது. அப்போ 2/3 × பை × ஆர் க்யூப். முழுப் பந்து ரெண்டு அரைக்கோளம், 4/3 × பை × ஆர் க்யூப். அவ்ளோ தான். அந்த 4ஐயும் 3ஐயும் யாரும் வானத்துலேருந்து இறக்கல. அரைக்கோளத்துக்குத் தனியா ஒரு ஃபார்முலா மனப்பாடம் பண்ணவும் வேண்டாம், அது வழியிலயே வந்துடுச்சு.

நம்ம பந்துக்குப் போட்டுப் பாருங்க. 7 × 7 × 7 = 343. 343 × 22/7 = 1078, இது சிலிண்டர். மூணுல ரெண்டு பங்கு 718.67, அரைக்கோளம். ரெண்டால பெருக்குனா 1437.33 கன செ.மீ., அதாவது கிட்டத்தட்ட ஒரு லிட்டர் 437 மி.லி. ஒரு கன செ.மீ.ங்கறது ஒரு மி.லி. தான்னு இந்த இடத்துல சொல்லிடுங்க, வீட்டுல மருந்து ஊத்துற மூடி காட்டுனா போதும். ஃபார்முலாவைப் படிக்கும்போது "நாலுல மூணு, பை, ஆர் க்யூப்" மாதிரி தமிழ்ல மாத்திச் சொல்லாதீங்க, நாலுல மூணுன்னா முக்கால் ஆயிடும். "நாலின் கீழ் மூணு" இல்லன்னா "ஒண்ணும் மூணுல ஒரு பங்கும்"ன்னு சொல்லுங்க, எதைச் சொன்னாலும் ஒண்ணை விட பெரிய நம்பர்ங்கறது மனசுல நிக்கணும்.

தப்பு எப்படி வரும், எப்படிப் புடிக்குறது

தப்பு போட்டா சிவப்பு பேனாவால சுழிக்காதீங்க. வந்த விடையைப் பாத்திரமா மாத்திக் காட்டுங்க. அதே 7 செ.மீ. பந்து தான். ஆர் க்யூப்னா ஆர் × 3ன்னு நினைச்சு 21 போட்டவனுக்கு விடை 88 வரும். 88 மி.லி.ன்னா ஏறக்குறைய ஒரு கட்டிங் சாய், அதாவது அரை கிளாஸ் டீ. "இவ்ளோ பெரிய பந்துக்குள்ள ஒரு கட்டிங் தான் பிடிக்குமாடா?" அவனே அழிச்சுடுவான். ஆர் ஸ்கொயர் போட்டவளுக்கு 205, ஒரு டம்ளர் தண்ணி. ரேடியஸுக்குப் பதிலா டயமீட்டர் 14ஐ அப்படியே போட்டா 11,498, பதினொன்னரை லிட்டர், ஒரு குடம் தண்ணி அந்தப் பந்துக்குள்ள. பரீட்சையில பல நேரம் டயமீட்டர் குடுத்துக் கேப்பாங்க, அதனால கணக்கைப் படிச்சதும் முதல் வேலை "குடுத்தது ரேடியஸா டயமீட்டரா"ன்னு அடிக்கோடு போடுறதுன்னு பழக்கிடுங்க.

இன்னொரு செக் இருக்கு, எனக்கு ரொம்பப் புடிச்சது. பந்தை அது சரியா அடங்குற ஒரு சதுரப் பெட்டிக்குள்ள போட்டதா நினைச்சுக்கோங்க. பெட்டியோட வால்யூம் 14 × 14 × 14 = 2744. பந்து எப்பவும் அந்தப் பெட்டியில பாதியை விடக் கொஞ்சம் கூட, 52 சதவீதம். 1437ஐப் பாருங்க, 2744ல பாதி 1372, அதை விடக் கொஞ்சம் கூட, சரி. எந்தப் பந்தா இருந்தாலும் இது மாறாது. விடை பெட்டியில பாதிக்குக் கீழ போனாலோ பெட்டியைத் தாண்டுனாலோ எங்கயோ தப்புன்னு கால்குலேட்டர் இல்லாமலே புள்ளைக்குத் தெரிஞ்சிடும்.

அளக்குறதுலயும் தப்பு வரும். நூலைப் பந்து நடுவுல சுத்தாம கொஞ்சம் ஒதுக்கி சுத்திடுவாங்க. மூணு தடவை சுத்தி, வந்ததுல பெருசு எதுவோ அதை எடுத்துக்கச் சொல்லுங்க. கல்லி கிரிக்கெட் ஆடுற டென்னிஸ் பந்தைக் குடுங்க, சுத்தளவு 21 செ.மீ. கிட்ட வரும், ரேடியஸ் 3.34, வால்யூம் 156 மி.லி. பக்கத்துல.

ஏன்னு கேக்குற புள்ளைக்கு

ரவை காட்டுச்சு சரி, ஆனா ஏன் சரியா ரெண்டு பங்குன்னு ஒரு புள்ளையாவது கேக்கும். அந்தப் புள்ளைக்கு சீத்தாப்பழம் காட்டுங்க, சீசன்ல இங்க தள்ளுவண்டியில சீதாஃபல்னு நிறையக் கிடைக்கும். வெளியில இருக்குற ஒவ்வொரு கண்ணுக்கும் உள்ள ஒரு சுளை, மேல அகலமா, நடுவை நோக்கிக் கூர்மையா போகும், சின்னச் சின்னக் கோன் மாதிரி. பந்தையும் அப்படி எண்ணிலடங்காத குட்டிக் கோனா நினைச்சுக்கோங்க. எல்லாக் கோனோட கூரும் நடுவுல, உயரம் எல்லாத்துக்கும் ரேடியஸ். கோன் வால்யூம் மூணுல ஒரு பங்கு × அடிப்பரப்பு × உயரம். எல்லா அடிப்பரப்பையும் கூட்டுனா பந்தோட தோல், அது 4 × பை × ஆர் × ஆர். நம்ம பந்துக்கு 616 சதுர செ.மீ. அப்போ 616 × 7 ÷ 3 = 1437.33. அதே நம்பர். வேற வழியில போயி அதே இடத்துக்கு வந்து நிக்கும்போது புள்ளைங்க முகத்தைப் பாக்கணும் நீங்க.

தோல் ஏன் நாலு வட்டம்னா அதுக்கு நாக்பூர் ஆரஞ்சு. பழத்தோட நடு அகலம் எவ்ளோவோ அதே அளவு வட்டம் அஞ்சு ஆறு பேப்பர்ல வரைஞ்சுட்டு, உரிச்ச தோலைச் சின்னச் சின்னதா கிள்ளி வட்டத்தை நிரப்பச் சொல்லுங்க, நாலு வட்டம் கிட்டத்தட்ட நிரம்பி தோல் தீந்துடும்.

ரெண்டு பெரியவங்க கதையும் சொல்லுவேன், பாடத்துக்கு நடுவுல மூச்சு விட. பந்து அது சரியா அடங்குற சிலிண்டர்ல மூணுல ரெண்டு பங்குன்னு நிரூபிச்சவர் ஆர்க்கிமிடீஸ், கி.மு. 212ல இறந்தவர். அதை அவர் அவ்ளோ பெருசா நினைச்சதால அவர் கல்லறையில சிலிண்டருக்குள்ள பந்துன்னு படம் செதுக்கியிருந்தாங்க, நூறு வருஷத்துக்கு மேல கழிச்சு சிசரோன்னு ஒரு ரோமானியர் புதர் மண்டிக் கிடந்த கல்லறையை அந்தப் படத்தை வச்சுத் தான் அடையாளம் கண்டார். இன்னொருத்தர் நம்ம ஆர்யபட்டர். பை 3.1416ன்னு கி.பி. 499லயே அவ்ளோ துல்லியமா சொன்னவர், ஆனா கோளத்தோட கன அளவுக்கு அவர் குடுத்த விதி தப்பு, நடு வட்டத்தோட பரப்பை அதோட ஸ்கொயர் ரூட்டால பெருக்கச் சொன்னார். நம்ம பந்துக்கு அப்படிப் போட்டா 1911 வரும், 1437க்குப் பதிலா. 1150ல பாஸ்கரர் லீலாவதியில சரியான விதியைக் குடுத்துட்டார், தோல் பரப்பு × டயமீட்டர் ÷ 6. இதைச் சொன்னா, விடை தப்பா வந்து தலையைக் குனிஞ்சுட்டு உக்காந்திருக்குற புள்ளை நிமிரும். அதுக்காகவே வருஷா வருஷம் சொல்றேன்.

உருக்கி வார்க்குற கணக்கு

10ம் வகுப்புக்கு இதுக்குத் தான் பயம். மண்பானை செய்யுறவங்க இருக்குற கும்பார்வாடா பக்கம் போனா மண்ணு ஒரு உருண்டை கேட்டு வாங்கிக்கலாம். 3 செ.மீ. ரேடியஸ்ல உருண்டை புடிக்கச் சொல்லுங்க, அப்புறம் அதையே 2 செ.மீ. ரேடியஸ் சிலிண்டரா உருட்டச் சொல்லுங்க, உயரம் எவ்ளோ வரும்னு முதல்ல கணக்குல கண்டுபிடிக்கணும். 4/3 × 27 = 36, அது 2 × 2 × உயரம், அப்போ 9 செ.மீ. ரெண்டு பக்கமும் பை இருக்குறதால அடிபட்டுப் போயிடும், பையைப் பெருக்கிட்டு உக்காராதீங்கன்னு சொல்லிடுங்க. உருட்டி ஸ்கேல் வச்சா எட்டரைக்கும் ஒன்பதரைக்கும் நடுவுல நிக்கும். மண்ணு அதே மண்ணு, ஷேப் தான் மாறுச்சு, இது கையில பட்டுட்டா அந்தக் கணக்கு அப்புறம் பயமுறுத்தாது.

ரேடியஸ் ரெட்டிப்பானா வால்யூம் எட்டு மடங்குங்கறதுக்கு ரவா லட்டு. ஒரு பெரிய லட்டை உதுத்து அதுல பாதி ரேடியஸ்ல புடிச்சா எத்தனை வரும்னு கேளுங்க, ரெண்டுன்னு தான் முதல்ல சொல்லுவாங்க. புடிச்சுப் பாக்கட்டும், எட்டு வரும்.

கடைசியா வீட்டுப்பாடம். வீட்டுல தண்ணி புடிக்குற குடத்தோட வயித்துச் சுத்தளவை நூலால அளந்து, அதைப் பந்துன்னு வச்சுக்கிட்டு வால்யூம் போடணும். மறுநாள் காலைல குழாய்ல தண்ணி வரும்போது ஒரு லிட்டர் பாட்டிலால எண்ணி ஊத்தி நிரப்பணும். தண்ணி வீணாகாது, எப்படியும் குடத்துல தானே போகுது. ஒரு புள்ளை வீட்டுக் குடம் 88 செ.மீ., நம்ம பந்தோட சரியா ரெட்டிப்பு, அப்போ ரேடியஸ் 14, கணக்குல பதினொன்னரை லிட்டர். அடுத்த நாள் வந்து, "டீச்சர், பத்தரை பாட்டில் தான் புடிச்சுது, கணக்கு தப்பா?"ன்னு கேட்டுச்சு. நான் பதில் சொல்லல, குடத்தை நல்லா பாத்துட்டு வான்னேன். சாயங்காலம் படியேறி வரும்போதே சொல்லிட்டே வந்துச்சு: "கணக்கு சரி தான் டீச்சர், குடம் தான் உருண்டையா இல்ல, அடியும் தோளும் சப்பையால்லா இருக்கு."